வெளிவராத கேமுக்கு இப்போதே எதற்குப் பணம்?

குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிறு தேயிலை விவசாயி. பத்தாவது படிக்கும் அவர் மகன், சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷனில் ஆடும் ஒரு கேமுக்கு ப்ரீ-ஆர்டர் போட்டே ஆகவேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். “இன்னும் வெளியவே வராத சாமானுக்கு எதுக்குத் தம்பி இப்பவே ஐயாயிரம் கட்டணும்?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

பெரிய கம்பெனிகளின் புது பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம்கள் இந்தியாவில் 4,999 ரூபாய் அளவில் விற்கின்றன. பச்சைத் தேயிலைக்குக் கிலோ 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 250 கிலோ கொழுந்து. அவர் கேட்டது நியாயம்தான். டிஸ்க் மட்டுமே விற்ற காலத்தில், முதல் நாளே கடையில் தீர்ந்துவிடுமோ என்று முன்பணம் கட்டியதில் ஓர் அர்த்தம் இருந்தது. டவுன்லோட் செய்யும் கேமுக்கு ஸ்டாக் தீராது. பிறகும் ஏன் லட்சக்கணக்கானவர்கள் முன்பணம் கட்டுகிறார்கள்? பையனுக்கு வந்த அவசரம் அவனாக வரவழைத்துக்கொண்டது இல்லை. அதை வரவழைக்க ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை, கேம் ஆடியே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

சுவை பார்க்காமல் வாங்கும் சரக்கு

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏல நாளுக்கு முன்பே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து, வாங்குபவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். டேஸ்டர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, இதற்கு இவ்வளவு தரலாம் என்று குறித்துக்கொள்வார். ஃபேக்டரியின் பேர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தூள் சரியில்லை என்றால் அந்த நாக்குக்குத் தெரிந்துவிடும். கேம் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. ஐம்பது மணி நேரம் ஆடவேண்டிய ஒன்றை, இரண்டு நிமிட டிரெய்லரை வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. அந்த டிரெய்லரைத் தயாரித்ததும் விற்கிறவரேதான்.

1970இல் பிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் சரக்குகளை இரண்டு வகையாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்திய பிறகுதான் தரம் தெரியும் என்பவை இன்னொரு வகை. கேம் இரண்டாவது வகை. இந்த வகையில் விளம்பரம் எப்படி வேலை செய்யும் என்பது பற்றியும் அவர் பின்னால் எழுதினார். அதன் சாரம்: விளம்பரத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, அதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதே வாங்குகிறவருக்கு ஒரு தகவல். ‘சரக்கு மட்டமாக இருந்தால் இவ்வளவு பணத்தைக் கொட்டுவானா’ என்று மனசு கணக்குப் போடும்.

சோப்பு, டீத்தூள் போன்றவற்றுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாங்கமாட்டார் என்பதால், மட்டமான சோப்புக்குப் பெரிய விளம்பரம் செய்தால் நஷ்டம்தான். கேமை ஒருவர் ஒருமுறைதான் வாங்குகிறார். பணம் முதல் நாளே போய்விடுகிறது. எனவே பெரிய செலவைப் பார்த்து நல்ல சரக்கு என்று நம்புவதற்கு இங்கே ஆதாரம் குறைவு. ஒரே பெயரில் அடுத்தடுத்து வரும் தொடர் கேம்களில் மட்டும், அடுத்த பாகம் விற்கவேண்டுமே என்ற பயம் கம்பெனிக்குக் கொஞ்சம் இருக்கும்.

காசு கொடுத்து வாங்குவதும் தானாக வருவதும்

விளம்பரம் வேறு, ஹைப் வேறு. யூடியூப்பில் குறுக்கே வரும் பதினைந்து நொடி, பெரிய நகரங்களில் பேருந்து முழுக்க ஒட்டிய படம், ஸ்ட்ரீமருக்கு (தான் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுபவர்) தரும் ஸ்பான்சர் பணம் எல்லாம் விளம்பரம். கம்பெனி அதற்குக் காசு கொடுக்கிறது. 2009இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ கேமை உருவாக்க 4 முதல் 5 கோடி டாலர் ஆனது, விளம்பரமும் டிஸ்க் தயாரிப்பும் விநியோகமும் சேர்ந்த மொத்த வெளியீட்டுச் செலவு 20 கோடி டாலர் என்று அப்போது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. கேமைச் செய்ய ஆனதைவிடக் கடைக்குக் கொண்டுசேர்க்க ஆனது பல மடங்கு.

ஹைப் என்பது அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் மிச்ச வேலை. டிரெய்லரை நொடி நொடியாக நிறுத்தி ஆராய்வது, தேதியை ஊகிப்பது, நண்பனுக்கு அனுப்புவது, ‘உனக்கு இன்னும் தெரியாதா’ என்று கேட்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலைப்பாதையில் ரிசார்ட் போர்டும் சாக்லேட் போர்டும் பார்த்திருக்கிறேன், ஒரு கேம் போஸ்டர்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் இங்குள்ள பையன்களுக்கு எந்த கேம் எப்போது வருகிறது என்று அத்துப்படி. மலைக்கு மேலே செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்களேதான்.

2023 டிசம்பரில் ‘ஜிடிஏ 6’ கேமின் முதல் டிரெய்லர் வந்தது. அறிவித்த நேரத்துக்கு முன்பே கசிந்துவிட்டதால் அவசரமாக வெளியிட்டார்கள். ஒன்றரை நிமிடம்தான் ஓடும். யூடியூப்பில் ஒரே நாளில் 9 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. கேம் வர அப்போது ஆண்டுக்கணக்கில் இருந்தது.

ஆடாத கேமுக்கு ஒரு கூட்டம்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1969இல் ஃபிராங்க் பாஸ் என்பவர், புதிதாகச் சந்தைக்கு வரும் ஒரு பொருள் எப்படிப் பரவுகிறது என்று ஒரு கணித மாதிரி எழுதினார். ஃபிரிட்ஜ், கறுப்பு வெள்ளை டிவி போன்றவற்றின் விற்பனையை வைத்துச் சோதித்தது. அவர் கணக்கில் மக்களை வாங்கவைக்கும் விசைகள் இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வரும் தூண்டல். விளம்பரம் அதில் அடங்கும். சிலர் யாரையும் பார்க்காமல் அதைக்கொண்டே முதலில் வாங்கிவிடுவார்கள். மற்றொன்று, ஏற்கனவே வாங்கியவர்களைப் பார்த்து வாங்குவது. ஆரம்பத்தில் முதல் விசை ஓங்கியிருக்கும், போகப்போக இரண்டாவது பெரிதாகிவிடும். தெருவில் ஒரு வீட்டில் டிவி வந்தால் அடுத்த வருடம் நான்கு வீட்டில் வரும், அப்படி.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் இரண்டாவது விசைக்கு ஓர் உண்மையான பயன் உண்டு. வாங்கியவர் பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், அதைக் கேட்டு அடுத்தவர் வாங்குகிறார். கெட்டுப்போகும் ஃபிரிட்ஜ் என்றால் செய்தி அங்கேயே நின்றுவிடும். கேம் கம்பெனிகள் இந்த இரண்டாவது விசையையும் வெளியீட்டுக்கு முன்னாலேயே கிளப்பிவிடுகின்றன. டிரெய்லருக்கு இத்தனை கோடிப் பார்வை, ப்ரீ-ஆர்டர் இத்தனை லட்சம், கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் விஷ்லிஸ்ட்டில் (வாங்க நினைப்பதைக் குறித்துவைக்கும் பட்டியல்) முதலிடம்: இவையெல்லாம் ஒரு கூட்டத்தைக் காட்டுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேமை ஆடவில்லை. ஆனால் பார்க்கிறவர் மனசில் ‘இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள்’ என்பது ‘இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது’ என்று பதிந்துவிடுகிறது. ஹைப்பின் பலமே இங்கேதான்.

கூட்டத்தைக் காட்டினால் மனுஷன் தேர்வே மாறிப்போகுமா என்று ஒரு சோதனை நடந்தது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பிரபலமில்லாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்கள் கேட்டுப் பிடித்ததை டவுன்லோட் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் பெயர்கள் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எது எத்தனை முறை டவுன்லோட் ஆகியிருக்கிறது என்று காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் மத்தியில் ஜெயித்த பாடல் இன்னும் பெரிதாக ஜெயித்தது. ஆனால் எந்தப் பாடல் ஜெயிக்கும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல் அபூர்வமாகத்தான் தோற்றது, மிக மோசமானது அபூர்வமாகத்தான் ஜெயித்தது. நடுவில் இருந்தவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது.

கேம் உலகத்தில் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதியில் இருப்பவைதான். ஸ்டீமில் மட்டும் 2024இல் 18,000க்கும் அதிகமான கேம்கள் வந்தன. எல்லாவற்றையும் யாராலும் பார்க்க முடியாது. ஆகவே கடையே வரிசை போட்டுக் காட்டுகிறது: அதிகம் விற்பவை, வரப்போகிறவற்றில் பிரபலமானவை. விஷ்லிஸ்ட்டில் போட்டவருக்குக் கேம் வெளியாகும் நாளில் மின்னஞ்சல் போகும். முதல் நாளில் அவர்கள் மொத்தமாக வாங்கினால் கேம் பட்டியலில் ஏறும், ஏறினால் புதியவர் கண்ணில் படும். சிறிய கம்பெனிகள்கூட ‘விஷ்லிஸ்ட்டில் போடுங்கள்’ என்று கெஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

சைபர்பங்க் 2077: இரண்டு விசையும் ஒரே கேமில்

ஒரே ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் ‘சைபர்பங்க் 2077’ கேமை 2012இல் அறிவித்தது. 2013 ஜனவரியில் டீசர். 2019 ஜூனில், அமெரிக்காவில் நடந்த இ3 என்ற கேம் கண்காட்சியின் மேடைக்கு நடிகர் கியானு ரீவ்ஸ் வந்து, கேமில் தானும் இருப்பதாகச் சொன்னார். அரங்கமே எழுந்து கத்தியது. 2020 ஏப்ரலில் வெளியீடு என்றார்கள், பிறகு செப்டம்பர், பிறகு நவம்பர், கடைசியில் டிசம்பர் 10. தள்ளத்தள்ள எதிர்பார்ப்பு குறையும் என்று நினைப்போம். நடந்தது வேறு, ஒவ்வொரு புதுத் தேதியும் ஒரு புதுச் செய்தியாகிப்போனது.

வெளியாகும் முன்பே 80 லட்சம் ப்ரீ-ஆர்டர். கேமை உருவாக்க ஆன செலவையும் அந்த ஆண்டின் விளம்பரச் செலவையும் ப்ரீ-ஆர்டர் வருமானமே தாண்டிவிட்டது என்று வெளியான மறுநாள் கம்பெனியே அறிவித்தது. யாரும் ஒரு மணி நேரம்கூட ஆடாமல், போட்ட பணம் திரும்பிவிட்டது.

விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது கம்ப்யூட்டருக்கான பதிப்பு மட்டும். அவர்கள் எடுத்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போடவேண்டும். எனவே முதல் விமர்சனங்கள் புகழ்ந்து வந்தன. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய கேம் கருவிகளை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததோ அடிக்கடி நின்றுபோகும், உருவங்கள் பாதியாகத் தெரியும் கேம். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்தது, பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூனில்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். பணத்தைத் திருப்பி வாங்கியவர்களைக் கழித்தபிறகும், டிசம்பர் 20க்குள் 1.3 கோடிப் பிரதி விற்றிருந்தது. அடுத்த 1.2 கோடி விற்கக் கிட்டத்தட்ட மூன்று வருடம் பிடித்தது. பத்தே நாளில் விற்றதற்கு ஈடாக விற்க மூன்று வருடம்! அதுவும் சும்மா நடக்கவில்லை. பிழைகளைத் திருத்தத் திருத்த, ஆடியவர்களே நல்லபடியாகப் பேச ஆரம்பித்தார்கள். 2023 செப்டம்பரில் கேமின் பல பகுதிகளை மாற்றியமைத்த 2.0 பதிப்பும் கூடுதல் கதைப்பகுதியும் வந்தபிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியது. 2024 முடிவதற்குள் 3 கோடி. முதல் பகுதியை விற்றது ஹைப், பிந்தைய பகுதியை விற்றது வாய்மொழி. என் பார்வையில், முதலில் வாங்கி முழு விலை கொடுத்தவர்களுக்குத்தான் மட்டமான பதிப்பு கிடைத்தது. பொறுத்தவர்கள் தள்ளுபடிக் காலத்தில் பாதிக்கும் குறைந்த விலையில் நல்ல பதிப்பை வாங்கினார்கள். விசுவாசத்துக்குத் தண்டனை கொடுக்கும் வியாபாரம் இது, வேறெப்படிச் சொல்ல.

இது இணையக் காலத்து வியாதி என்றும் நினைக்கவேண்டாம். 1982இல் அட்டாரி நிறுவனம் ‘ஈ.டி.’ படத்தின் பெயரில் ஒரு கேமை ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்து, கிறிஸ்துமஸுக்கு விளம்பரத்தோடு இறக்கியது. விற்காத சரக்கை அடுத்த வருடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது கார்ட்ரிட்ஜ்கள் அப்படியே கிடைத்தன.

விளம்பரம் தோற்கும் இடம்

பணம் இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று ‘கான்கார்ட்’ என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமை வெளியிட்டது. சோனியின் பெயர், சோனியின் மேடை எல்லாம் பின்னால் இருந்தது. ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் அதிகபட்சம் 697 பேர். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இதே மாதிரி இலவச கேம்கள் குவிந்திருந்த இடத்தில் 40 டாலர் கேட்டார்கள், அது ஒரு காரணம். விளம்பரம் கேமைக் கண்ணில் காட்டியது, கூட்டத்தை மட்டும் அதனால் உண்டாக்க முடியவில்லை.

நேர்மாறாக ‘அமாங் அஸ்’, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். மூன்றே பேர் செய்தது, 2018இல் வந்தது, இரண்டு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020 ஊரடங்கில் ஸ்ட்ரீமர்கள் தங்களுக்குள் ஆட ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக் கத்துவதைப் பார்ப்பதே வேடிக்கையாக இருந்தது. அந்த செப்டம்பரில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் ஆடினார்கள். இங்கே பார்த்தவர்கள் பார்த்தது உண்மையான ஆட்டத்தை. டேஸ்டர் கிண்ணத்துக்கு மிக அருகில் வருவது, பணம் வாங்காத ஒருவர் வெட்டாமல் ஒட்டாமல் ஆடிக் காட்டும் அரைமணி நேரம்தான்.

போனில் கதை வேறு

நம்மூர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடுவது போனில், அதுவும் இலவச கேம். அங்கே விற்பனை என்பது உள்ளே வாங்கும் வைரமும் உடையும். 2021இல் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ வரும் முன், முன்பதிவு செய்தால் சில உடைகளும் பட்டமும் இலவசம் என்றார்கள். இரண்டு வாரத்தில் 2 கோடிப் பேர் பதிந்ததாகக் கம்பெனி சொன்னது. பட்டன் தட்டினால் போதும், செலவில்லை. ஆனால் 2 கோடி என்ற அந்த எண்ணே அடுத்த விளம்பரமாகிவிட்டது. 2023இல் ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ செப்டம்பர் 5 அன்று வருகிறது, தோனி விளம்பரத் தூதர், கேமுக்குள்ளேயே ‘தல’ என்று ஒரு பாத்திரம் என்றார்கள். கடைசி நேரத்தில் சில வாரம் தள்ளிவைப்பதாக அறிவிப்பு. அந்த வருடம் முடிந்தும் வரவில்லை. ஹைப் மட்டும் வந்துவிட்டுப் போனது.

தடுப்பாகச் செருகிய பின்னை (pin) உருவி ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் விளம்பரங்களை எல்லாரும் பார்த்திருப்போம். டவுன்லோட் செய்தால் உள்ளே வேறு ஆட்டம் இருக்கும். ‘ஹோம்ஸ்கேப்ஸ்’, ‘கார்டன்ஸ்கேப்ஸ்’ கேம்களின் இப்படிப்பட்ட இரண்டு விளம்பரங்கள் கேமைப் பிரதிபலிக்கவில்லை என்று 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை விதித்தது. கேம் இலவசம் என்பதால் நாம் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். நூறு பேரில் சிலர் தங்கி, அதில் ஓரிருவர் காசு போட்டாலே அவர்கள் கணக்கு நேராகிவிடும்.

வாங்கும் முன்

வெளியான நாளிலிருந்து ஒரு வாரம் பொறுங்கள், பெரிய பிழைகள் அதற்குள் வெளியே வந்துவிடும். ஸ்டீமில் மொத்த விமர்சனமும் சமீபத்திய விமர்சனமும் தனித்தனியாக இருக்கும், சமீபத்தியதைப் பாருங்கள். உங்கள் பிஎஸ்4இலோ பழைய லேப்டாப்பிலோ எப்படி ஓடுகிறது என்று அதே கருவியில் ஆடியவரைத் தேடுங்கள். யூடியூபர் காசு வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று தெரியும்படி போடவேண்டும் என 2021இலிருந்து இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் வழிகாட்டுதல் இருக்கிறது. எல்லாரும் போடுவதில்லை, போட்டிருந்தால் அதற்கேற்பக் கேளுங்கள்.

ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இங்கே மழைக்காலத்தில் கரண்ட் போய், நெட் போய், 100 ஜிபி கேம் இறங்க நாலைந்து நாள் ஆனாலும் அந்த நேரம் இரண்டு மணிக் கணக்கில் சேராது. 14 நாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிளேஸ்டேஷனில் சட்டம் கடுமை. ப்ரீ-ஆர்டரை வெளியீட்டுக்கு 14 நாளுக்கு முன்பே போட்டிருந்தால், வெளியாகும் நாள் வரை ரத்து செய்யலாம். மற்றபடி, வாங்கிய 14 நாளுக்குள் என்றாலும் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. ஆகவே பையன் அழுது அடம்பிடித்து ப்ரீ-ஆர்டர் போட்டே விட்டான் என்றால், வாங்கியது தானாக டவுன்லோட் ஆகும் அந்த செட்டிங்கை உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள்.